சுக்கிரனைக் காணச் சென்றவர்

ஆராய்ச்சியின் பொருட்டு அயல்நாடு செல்லும் மாணவரிடம் இன்று பல்கலைக்கழகங்கள் ஒரு நீண்ட படிவத்தை நீட்டுகின்றன. எங்கே தங்குவீர், அவ்விடத்தில் பரவியுள்ள நோய் யாது, கலகம் மூண்டால் எவ்வழியாக வெளியேறுவீர், எத்தனை நாளுக்கு ஒருமுறை எவருக்குச் செய்தி அனுப்புவீர், செய்தி வாராதாயின் உம்மைத் தேட வேண்டியவர் யார், பணியை நிறுத்தித் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்யும் உரிமை எவரிடம் உள்ளது என்றெல்லாம் அப்படிவம் கேட்கும். இளைஞர்கள் இதனை வெறும் காகித வேலை எனக் கருதி முணுமுணுத்துக்கொண்டே கையொப்பம் இடுகின்றனர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியவர்தாம். ஆனால் இக்கேள்விகள் ஒன்றேனும் அலுவலக மேசையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதப்பட்டதன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் எவரோ பட்ட பாடு இருக்கிறது. அப்பாடுகள் அனைத்தையும் ஏறத்தாழ ஒருவரே பட்டுத் தீர்த்த வரலாறு ஒன்றுண்டு. அவர் நாடியது நம் புதுச்சேரியை. ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்போன்றோர் அவர் கதையைக் கேட்கும்போது, ஏனையோரைக் காட்டிலும் சற்றே கூடுதலாக மனம் கனக்கும்.

அவர் பெயர் குய்லோம் லெ ழாந்தி. பிரான்சு நாட்டில் நார்மண்டிப் பகுதியிலுள்ள கூத்தான்ஸ் என்னும் ஊரில் 1725-ஆம் ஆண்டு பிறந்தவர். பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகிய வானநூலார். 1760-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள், தம் முப்பத்து நான்காம் வயதில், அக்கழகத்தின் சார்பில் அவர் கப்பலேறினார். அடுத்த ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்லவிருந்தது. அதனைப் புதுச்சேரியிலிருந்து காண்பதே அவருக்கு இடப்பட்ட பணி.

சுக்கிரக் கடப்பு எனப்படும் இந்நிகழ்ச்சிக்கு அக்காலத்தில் ஏன் அத்தனை மதிப்பு என்பதை இரண்டு சொற்களில் கூறிவிடலாம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம் அதுவரை எவருக்கும் திட்டமாகத் தெரியாது. பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இக்கடப்பைப் பார்த்து, அதன் தொடக்கத்தையும் முடிவையும் விநாடிக் கணக்கில் குறித்துக்கொண்டால், அவற்றிடையே தோன்றும் சிறு வேறுபாட்டிலிருந்து அத்தூரத்தைக் கணக்கிடலாம் என்று எட்மண்டு ஹாலி 1716-இல் எழுதி வைத்தார். தாம் அதைக் காணும்வரை உயிர் வாழமாட்டோம் என்பதை அறிந்தே எழுதினார். 1742-இல் மறைந்தும் போனார். இக்கடப்போ எட்டாண்டு இடைவெளியில் இரண்டு முறை நிகழும். பிறகு நூறு ஆண்டுக்கு மேல் நிகழாது. 1761-ஐயும் 1769-ஐயும் தவறவிட்டால் 1874 வரை காத்திருக்க வேண்டும். அன்று உயிரோடிருந்த எவருக்கும் மூன்றாம் வாய்ப்பு இல்லை.

ஆகவே பல நாட்டு வானநூலாரும் ஒருங்கே புறப்பட்டனர். உலகின் பல இடங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் தொலைநோக்கியோடு காத்திருந்தனர். பல நாட்டினர் ஒரே கேள்விக்கு விடை தேடி ஒரே நாளில் உழைத்த முதற்பெரு முயற்சிகளுள் இது ஒன்று எனலாம். ஓரிடத்தில் மேகம் மறைத்தால் வேறிடத்தில் வானம் தெளிந்திருக்கும். ஒருவர் இறந்தால் மற்றொருவர் குறிப்பு எஞ்சும். இவ்வாறு பலரை அனுப்பியதே அக்கழகங்கள் செய்துகொண்ட பெரிய முன்னேற்பாடு. ஆராய்ச்சிக்கு அது காப்புத்தான். அனுப்பப்பட்ட தனி மனிதருக்கு அதனால் என்ன காப்பு?

காலமோ மிகக் கொடியது. 1756-இல் தொடங்கிய ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நம் சோழமண்டலக் கரையிலும் ஒன்றையொன்று அழிக்க முயன்றன. இங்கிலாந்தின் அரச கழகம் சார்லஸ் மேசன், ஜெரிமையா டிக்ஸன் என்ற இருவரைச் சுமத்திராத் தீவுக்கு அனுப்பியது. அவர்கள் ஏறிய சீஹார்ஸ் என்னும் கப்பல் 1761 ஜனவரியில் கரையை விட்டுச் சென்ற சில நாட்களிலேயே பிரெஞ்சுப் போர்க்கப்பலால் தாக்கப்பட்டது. பதினொருவர் மாண்டனர், முப்பத்தெழுவர் காயமுற்றனர். உடைந்த கப்பலோடு பிளிமத் துறைமுகத்துக்குத் திரும்பிய இருவரும், இனி அத்துணைத் தொலைவு செல்ல இயலாது என்று கழகத்துக்கு எழுதினர். அஞ்சினர் என்று அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பிணங்களோடு கரை சேர்ந்தவர்கள் வேறு என்ன எழுதுவார்கள்? ஆனால் கழகத்தார் எழுதிய மறுமொழியில் ஆறுதல் ஒன்றும் இல்லை. பயணத்தைக் கைவிட்டால் மானமும் போகும், வழக்கும் தொடரும், அழிவே நேரும் என்று அச்சுறுத்தினர். இருவரும் மீண்டும் கப்பலேறினர். சுமத்திரா சென்றுசேரப் போதிய காலம் இல்லாமற்போகவே, நன்னம்பிக்கை முனையில் இறங்கி அங்கிருந்தே கடப்பைக் கண்டு நல்ல குறிப்பெடுத்தனர். காரியம் வெற்றியாயிற்று. வெற்றியாயிற்று என்பதனாலேயே அக்கடிதம் நியாயமாகிவிடாது என்பது நம் கருத்து. களத்தில் நிற்பவனது அச்சத்துக்கும் செவி சாய்க்க வேண்டும் என்னும் எண்ணம் கழகங்களுக்கு உண்டாக வெகு காலம் பிடித்தது.

இனி நம்மவரிடம் வருவோம். லெ ழாந்தி 1760 ஜூலை 10-ஆம் நாள் இன்று மோரீஷஸ் எனப்படும் தீவை அடைந்தார். அப்போது அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் கிடைக்கவில்லை. புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தனர். மாதங்கள் கழிந்தன, சீதபேதி கண்டது, ஒருவாறு தேறினார். இறுதியில் 1761 மார்ச்சில் சில்பீடு என்னும் பிரெஞ்சுக் கப்பல் சோழமண்டலக் கரை நோக்கிப் புறப்படவே அதில் இடம்பெற்றார். காற்று சாதகமாக இல்லை. கப்பல் அரபிக்கடலில் அலைந்து, மே மாத இறுதியில் மலையாளக் கரையிலுள்ள மாஹியை நெருங்கிய பின்னரே உண்மை தெரிந்தது. மாஹியும் வீழ்ந்தது, புதுச்சேரியும் வீழ்ந்தது.

புதுச்சேரி வீழ்ந்தது அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேயே. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை, நகர் கைமாறுவதற்குச் சில நாட்கள் முன்னர்க் கண்மூடிவிட்டார். கோட்டையும் நகரும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. மார்ச்சில் கப்பலேறிய லெ ழாந்திக்கு, தாம் போகும் ஊர் இரண்டு மாதமாகவே இல்லை என்பது தெரியாது. செய்தி கப்பலின் வேகத்தில்தான் செல்லும். காற்று எதிர்த்தால் அதுவும் நின்றுவிடும். அக்காலப் பயணத்தின் பேராபத்து புயலா, பகைவரா, நோயா என்று கேட்டால், இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, செல்லும் இடத்தின் நிலை தெரியாமற் செல்வதையே நாம் கூறுவோம்.

மாலுமி கப்பலைத் திருப்பினார். ஜூன் 6-ஆம் நாள் இந்துமாக் கடலின் நடுவே, மேகமற்ற வானத்தில், லெ ழாந்தி சுக்கிரக் கடப்பைக் கண்டார். தொடக்கம், முடிவு இரண்டையும் குறித்துக்கொண்டார். ஆடும் தளத்தின்மேல் ஊசல் கடிகாரத்தை நிறுத்த இயலாது. கப்பல் நின்ற தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. அக்குறிப்பால் கணக்குக்கு ஒரு பயனும் விளையவில்லை. கண்ணால் கண்டும் காணாதவர் ஆயினார்.

இவ்விடத்தில் எவரும் ஊர் திரும்பியிருப்பர். அவரோ எட்டாண்டு காத்திருந்து 1769-ஆம் ஆண்டுக் கடப்பைக் கண்டபின்பே திரும்புவதென்று முடிவு செய்தார். இம்முடிவுக்கு எவர் ஒப்புதலும் பெறவில்லை, பெறவும் வழியில்லை. பாரிஸுக்கு எழுதி மறுமொழி பெற ஓர் ஆண்டுக்கு மேலாகும். எழுதிவிட்டு, இடைக்காலத்தை வீணாக்காமல் மடகாஸ்கரின் கிழக்குக் கரையை அளந்து படம் வரைந்தார். பருவக்காற்றுகளின் போக்கையும் கடல் ஓட்டங்களையும் ஆராய்ந்தார். பின்னர்த் தாமே கணக்கிட்டுப் பார்த்து, அடுத்த கடப்பைக் காண மணிலா நகரே ஏற்றது எனத் துணிந்து 1766-இல் அங்குச் சென்றார்.

மணிலா அப்போது ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்த ஆளுநர் இவரை நம்பவில்லை. இவருக்காக வந்த பரிந்துரைக் கடிதம் எதிர்பார்த்ததைவிட விரைவில் வந்துசேர்ந்துவிட்டதாம். இத்தனை சுருங்கிய காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கடிதம் வருமோ, இது போலியன்றோ என்று ஐயுற்றார். தாமதமாக வந்த செய்தியால் ஒருமுறை கெட்டவர், விரைந்து வந்த கடிதத்தால் மறுமுறை தொல்லைப்பட்டார். இதற்கிடையே பாரிஸ் கழகத்திடமிருந்து மறுமொழி வந்தது. புதுச்சேரிக்கே செல்லுக என்று அதில் எழுதியிருந்தது. சமாதான உடன்படிக்கையின்படி அந்நகர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியிருந்தது. 1768 மார்ச்சு 27-ஆம் நாள், புறப்பட்ட எட்டாம் ஆண்டில், லெ ழாந்தி முதன்முறையாகப் புதுச்சேரி மண்ணில் கால் வைத்தார்.

அங்கே அவர் கழித்த நாட்கள் அவருடைய வாழ்வில் மிக இனியவை என்றே தோன்றுகிறது. ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் அன்போடு வரவேற்றார். இடிந்த கோட்டையின் எஞ்சிய சுவர்கள்மேல் ஒரு வான்நிலையம் கட்டித் தரப்பட்டது. சிறிது காலத்துக்கு முன் அந்நகரை இடித்த ஆங்கிலேயரே, இப்போது சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவல் அனுப்பினர்! ஓராண்டுக் காலம் இருந்தமையால், அந்த இடத்தின் தீர்க்கரேகையைத் திருத்தமாக அளந்துகொள்ளவும் முடிந்தது.

ஓய்வு நேரத்தில் அவர் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். எழுதுகோலும் தாளும் இன்றி, தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், எண்களைக் குறிக்கும் வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லியும் அவர்கள் கணக்குப் போட்டனர். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறையில் கணித்தபோது, உண்மையினின்றும் 41 விநாடியே குறைந்தது. ஐரோப்பாவில் அந்நாளில் தலைசிறந்ததாகப் போற்றப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி கணித்தபோதோ 68 விநாடி மிகுந்தது. இதனை அவர் தம் நூலில் மறைக்காது எழுதியிருக்கிறார். இதைக்கொண்டு நம்மவர் எல்லாவற்றிலும் மேலானவர் என்று மார்தட்டுவது தகாது. ஒரு கிரகணத்தின் கணக்கு ஒரு கிரகணத்தின் கணக்கே. எனினும் பெயர் தெரியாத அக்கணிதரின் விரல்களுக்கிடையே சோழி நகர்வதை வியந்து பார்த்திருக்கும் அந்த அயலாரை நினைக்க மனம் மகிழ்கிறது.

1769 ஜூன் 4-ஆம் நாள் நெருங்கியது. புதுச்சேரியில் கதிரவன் எழும்போதே சுக்கிரன் அதன்மேல் இருக்கும். காலை ஏழு மணிக்குள் கடப்பு முடிந்துவிடும். காணத்தக்கது முடிவு மட்டுமே. அதற்கு முந்திய நாட்களிலெல்லாம் விடியற்காலை வானம் பளிங்குபோல் இருந்தது. ஜூன் 3-ஆம் நாள் இரவிலும் ஆளுநரோடு வியாழனின் துணைக்கோள்களைக் கண்டு மகிழ்ந்தார். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியளவில் விழித்துப் பார்த்தால் வானம் முழுவதும் மூடிக் கிடந்தது. காற்று எழுந்தது, மேகம் சற்றே அசைந்தது, மீண்டும் அடர்ந்தது. கடப்பு முடியும் நேரம் வந்தது, சென்றது. அதற்குப் பின்னரே சூரியன் வெளிப்பட்டான். அன்று பகல் முழுவதும் நன்றாகக் காய்ந்தான். மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது என்ற செய்தி பின்னர் வந்தது.

இரண்டு வாரத்திற்கு மேல் அவரால் எழுதுகோலைத் தொட இயலவில்லை. அதன்பின் சீதபேதியும் காய்ச்சலும் பற்றின.

அவரினும் கொடிய முடிவைக் கண்டவர்களும் உண்டு. ஷாப் தோத்ரோஷ் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1761-இல் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில் கடப்பைக் கண்டவர். அவ்வாண்டு ஆற்றில் பெருவெள்ளம் வந்ததற்கு இவர் சூரியனை நோக்கிக் கருவிகளைத் திருப்பியதே காரணம் என்று ஊரார் சினந்தெழுந்தமையால், படைவீரர் காவலில் அவர் பணி செய்ய நேர்ந்தது. அந்நியர் ஒருவர் வந்து முன்பின் கண்டிராத கருவிகளை நாட்டினால் ஊரார் ஐயுறுவது இயல்பே. முன்கூட்டியே அவர்களோடு அமர்ந்து பேசுவது களப்பணியின் ஒரு பகுதி என்பதை அன்று எவரும் கருதவில்லை. 1769-இல் அதே பாதிரியார் இன்றைய மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாவில் சான் ஹோசே என்ற சிற்றூரை அடைந்தார். அவ்வூரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. உடனே விலகிச் சென்றால் உயிர் தப்பலாம். ஆனால் நேரம் குறைவு. தங்கினார், கடப்பை மிக நன்றாகக் கண்டார். அதன்பின்னும் தீர்க்கரேகையை உறுதிசெய்ய ஜூன் 18-ஆம் நாள் சந்திர கிரகணத்தையும் காண வேண்டுமென்று அங்கேயே இருந்தார். ஆகஸ்டு முதல் நாள் நோய்க்கு இரையானார். அவருடைய குறிப்புகள் மட்டும் பாரிஸைச் சேர்ந்தன. அறிஞர்கள் அக்குறிப்புகளைப் பெரிதும் போற்றினர். அவை அவருடைய உயிருக்கு ஈடாகுமா என்று நம்மைக் கேட்டால், ஆகா என்போம். அவரைக் கேட்டிருந்தால் வேறு விடை கூறியிருக்கக்கூடும்.

தஹீத்தித் தீவில் கடப்பைக் கண்ட கேப்டன் குக் தம் மாலுமிகளைச் சொறிகரப்பான் நோயிலிருந்து காத்ததற்காகப் புகழப்படுகிறார். புளித்த முட்டைக்கோசும் புதிய காய்கறிகளும் தூய்மையும் அதைச் செய்தன. அவ்வளவு எச்சரிக்கையானவரும் கப்பலைப் பழுதுபார்க்கப் பத்தேவியத் துறைமுகத்தில் தங்கியபோது, அங்கே பிடித்த காய்ச்சலாலும் சீதபேதியாலும் முப்பது பேர் வரை இழந்தார். வானநூலார் சார்லஸ் கிரீனும் 1771 ஜனவரியில் அவ்வாறே கடலில் மாண்டார்.

அனுமதிப் பத்திரம் என்னும் ஏற்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1761-இல் ரோட்ரிக்ஸ் தீவுக்குச் சென்ற பிரெஞ்சு வானநூலார் பிங்ரே, இவருக்கு இடையூறு செய்யலாகாது என்று ஆங்கிலக் கடற்படைத் தலைமையே எழுதித் தந்த பத்திரத்தைக் கையில் வைத்திருந்தார். கடப்பு முடிந்த சில நாட்களில் அத்தீவைத் தாக்கிய ஆங்கிலக் கப்பல்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. இருந்த கப்பலையும் இழந்து அவர் தீவிலேயே சிக்கிக்கொண்டார். ஆயினும் அவ்வெண்ணம் மடியவில்லை. 1779-இல் பிரான்சு, இங்கிலாந்தோடு போர் நடக்கும்போதே, குக்கின் கப்பல்களைத் தொடாதீர் என்று தன் கப்பல்களுக்குக் கட்டளையிட்டது. அமெரிக்கர் சார்பில் பெஞ்சமின் பிராங்ளினும் அவ்வாண்டு மார்ச்சில் அதே பொருளில் எழுதினார். அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே, பிப்ரவரி 14-ஆம் நாள், குக் ஹவாயித் தீவில் கொல்லப்பட்டிருந்தார்! செய்தி அவர்களுக்கு எட்டவில்லை.

நோய் முற்றும் தீராமலே 1770 மார்ச்சில் லெ ழாந்தி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். மோரீஷஸில் பல மாதம் தங்கி, ஒரு கப்பலில் ஏறினார். நன்னம்பிக்கை முனையருகே புயல் அதை உடைத்து, 1771 புத்தாண்டு நாளில் அதே தீவுக்குத் திருப்பி அனுப்பியது. பின்பு ஸ்பானியப் போர்க்கப்பலொன்றில் இடம்பெற்று, ஆகஸ்டில் காதிஸ் துறைமுகத்தில் இறங்கி, தரைவழியாகச் சென்று அக்டோபர் 8-ஆம் நாள் பிரெனீசு மலையைக் கடந்து தாய்நாட்டில் நுழைந்தார். பதினோராண்டு, ஆறு மாதம், பதின்மூன்று நாள் ஆகியிருந்தன.

ஊரில் அவர் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் நம்பியிருந்தனர். அனுப்பிய கடிதங்கள் பல போய்ச் சேரவில்லை. உறவினர் அவருடைய சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட காரியஸ்தர், வசூலித்த பணம் களவு போயிற்று என்றார். விஞ்ஞானக் கழகமோ அவரது இருக்கையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவரை முதியோர் வரிசையில் சேர்த்திருந்தது. அவரை அனுப்பியது அக்கழகமே. அதன் கட்டளைப்படியே மணிலாவை விட்டுப் புதுச்சேரிக்குப் போனார். அவருக்குச் செய்தி அனுப்பி உயிரோடிருக்கிறாரா என்று தேட வேண்டிய கடமையும் அதனுடையதே என நாம் நினைக்கிறோம். அன்று அப்படியொரு கடமை எழுதப்படவில்லை. பிறந்த ஊரில் வீட்டையும் வயலையும் பிறர் பொறுப்பில் விட்டு, தில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ பல்லாண்டு உழைத்துவிட்டு, ஒருநாள் பட்டாவில் தம் பெயரைத் தேடுபவர்களுக்கு இவ்விடத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் காரியஸ்தர்மேல் வழக்குத் தொடுத்தார், தோற்றார். எதிர்க்கட்சியின் செலவையும் அவரே கொடுக்கும்படி ஆயிற்று. கழகத்தில் மட்டும் 1772-இல் இடம் திரும்பக் கிடைத்தது. மணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள். இந்துமாக் கடற்பயணம் பற்றிய அவர் நூல் 1779-இலும் 1781-இலும் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. சூரியனின் தூரத்தைப் பிறர் கண்ட குறிப்புகளிலிருந்து கணக்கிட்டனர். 1771-இல் லலாந்து கூறியது ஏறத்தாழ 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர். இன்று நாம் அறிந்தது 14 கோடியே 96 லட்சம். அக்கணக்கில் லெ ழாந்தியின் எண் ஒன்றும் இல்லை. அவருடைய நூலில் இருப்பவை காற்றுகளும் கரைகளும், மணிலாவும் மடகாஸ்கரும், புதுச்சேரியின் மண்ணும் மரமும், சோழிகளை நகர்த்திக் கிரகணம் சொன்ன தமிழரின் கணக்கும். அதை எழுதி முடித்தபின் பதினோராண்டு பாரிஸிலேயே வாழ்ந்து, 1792 அக்டோபரில் அவர் மறைந்தார். இரண்டாம் முறை அவர் கப்பலேறவில்லை.